அமர்ந்து செல்லும் யாத்திரை

சேதுக்கரையில் எடுத்த மணலைப் பிரயாகையின் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, காசியில் விசுவநாதரை வணங்கி, கயையில் முன்னோர்க்குப் பிண்டமிட்டு, வடக்கிலிருந்து கொணர்ந்த கங்கை நீரால் இராமேசுவரத்து இராமநாதருக்கு அபிடேகம் செய்விக்கும்போதுதான் காசி யாத்திரை நிறைவு பெறுகிறது என்பது தென்னாட்டு வழக்கு. இவ்வழக்கைக் கைக்கொள்ளும் குடும்பங்களில் மிகப் பல இன்று ரயிலில்தான் செல்கின்றன. பாட்டி முதல் பேரன் வரை ஒரே பெட்டியில் அமர்ந்து, கட்டிக் கொண்டுவந்த புளியோதரையைப் பகிர்ந்து உண்டு, ஜன்னலுக்கு வெளியே கடலும் மலையும் ஆறுகளும் மாறிமாறி வருவதைப் பார்த்தபடி, இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அவர்கள் வடநாட்டை அடைந்துவிடுகிறார்கள். உடல் வருத்தம் ஏதுமின்றி, கண்ணுக்கு இனியவற்றைக் கண்டுகொண்டு, மனைவி மக்களோடு உண்டும் உறங்கியும் செல்லும் இப்பயணத்துக்கு யாத்திரைப் பலன் உண்டா, அல்லது இது பக்தியின் பெயரால் நடக்கும் சுற்றுலா மட்டுமா என்னும் வினா ரயில் வந்த பிறகு எழுந்தது போலத் தோன்றினாலும், அதன் வேர் மிகப் பழையது; சாத்திர நூலோர் அதனை வாகன தோஷம், அதாவது ஊர்தியில் செல்வதால் யாத்திரைக்கு நேரும் குறை, என்ற நோக்கில் ஆராய்ந்துள்ளனர்.

மகாபாரதத்தின் வனபருவத்தில் தீர்த்தங்களின் பெருமையைக் கூறும் பகுதி, யாத்திரையை ஏழையின் வேள்வியாகக் காட்டுகிறது. வேள்வி செய்யப் பொருள் வேண்டும், துணைவர் வேண்டும், கருவிகள் வேண்டும். இவை அரசர்க்கும் செல்வர்க்குமே கைகூடும். பொருளற்றவன் அவ்வேள்விக்கு நிகரான பலனைத் தீர்த்தங்களுக்குச் செல்வதால் பெறலாம் என்பதும், கையும் காலும் மனமும் அடங்கியவனே அப்பலனுக்கு உரியவன் என்பதும் அங்கு சொல்லப்படுகின்றன. இவ்விரு கூற்றுகளையும் சேர்த்துப் படித்தால் ஒரு செய்தி தெளிவாகும்: யாத்திரைக்கு இடுமுதல் பணமன்று, அடக்கம். நடை என்பது அந்த அடக்கத்தின் வெளிப்படையான வடிவமாக அக்காலத்தில் இருந்தது. ஏழையிடம் கால் தவிர வேறு ஊர்தி இல்லாததால், நடையும் யாத்திரையும் பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்டன.

மச்ச புராணம் இதனைக் கடுமையாக்குகிறது. எருது பூட்டிய ஊர்தியில் பிரயாகைக்குச் செல்பவன் கொடிய நரகத்தை அடைவான் என்றும், அவன் வார்க்கும் நீரை அவனுடைய முன்னோர் ஏற்கமாட்டார்கள் என்றும் அது எச்சரிக்கிறது. ஆனால் அதே பகுதியில், செல்வச் செருக்காலோ பேராசையாலோ மயக்கத்தாலோ ஊர்தி ஏறிச் செல்பவனுடைய யாத்திரையே பலனற்றுப் போகும் என்று ஒரு நிபந்தனையும் காணப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டில் காசியில் வாழ்ந்த நாராயண பட்டரின் திரிஸ்தலீசேது, பிரயாகை, காசி, கயை என்னும் மூன்று தலங்களின் யாத்திரை முறையை விளக்குவது. அது போன்ற நிபந்த நூல்கள், அதாவது சிதறிக் கிடக்கும் புராண, ஸ்மிருதி வசனங்களைத் தொகுத்து முரண் களைந்து பொருள் உரைக்கும் நூல்கள், இத்தகைய நிபந்தனைகளில்தான் நிலைகொள்கின்றன. பணத்தின் செருக்கால் ஏறியவனுக்கே தடை என்றும், முடியாமையால் ஏறியவனுக்கு அது பொருந்தாது என்றும் நூலாசிரியர் சிலர் பொருள் கொண்டனர். இது சாத்திரத்தைத் தளர்த்தும் தந்திரம் என்று சிலர் கருதக்கூடும். உண்மையில், தடையின் காரணத்தைத் தேடிப் பிடித்த நேர்மையான உரைமுறை என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

ரயிலின் மீது இவ்வினாவை நேரடியாகத் தொடுத்தவர் காந்தி. 1909இல் இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும் கப்பலில் அவர் குஜராத்தியில் எழுதிய இந்து சுயராச்சியம் என்னும் நூல், ரயில்கள் கொள்ளைநோயைப் பரப்புகின்றன, பஞ்சத்தை மிகுவிக்கின்றன என்று குற்றஞ்சாட்டுவதோடு நில்லாமல், அவை புனிதத் தலங்களின் புனிதத்தையே கெடுத்துவிட்டன என்றும் கூறுகிறது. முன்பு மிகுந்த இடர்ப்பட்டே அத்தலங்களை அடைய முடிந்ததால் உண்மை அடியார்களே அங்கு சென்றனர், இப்போது போக்கிரிகளும் தம் தொழிலை நடத்தச் செல்கின்றனர் என்பது அவர் வாதம். சேதுபந்தமான இராமேசுவரத்தைத் தெற்கிலும், ஜகந்நாதத்தைக் கிழக்கிலும், ஹரித்துவாரத்தை வடக்கிலும் யாத்திரைத் தலங்களாக அமைத்த முன்னோர் அறிவிலிகள் அல்லர் என்றும், நாட்டு மக்கள் ஒருவரையொருவர் அறியவே அவ்வாறு செய்தனர் என்றும் அவர் அந்நூலில் எழுதுகிறார். வாதத்தின் வலிமை மறுக்க முடியாதது. எனினும் 1902இல் கல்கத்தாவிலிருந்து ராஜ்கோட்டுக்குச் செல்லும் வழியில் காசியில் இறங்கிய காந்தி, அங்கு வந்தது மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில்தான் என்பதும், பின்னர் 1915 முதல் அவர் நாட்டை அறிந்துகொண்டது பெரும்பாலும் அதே மூன்றாம் வகுப்புப் பலகைகளில் அமர்ந்துதான் என்பதும் உடன் நினைக்கத்தக்கவை. இதனை முரண் என்று சொல்லி நகைப்பது எளிது. மூன்றாம் வகுப்பு நெரிசலில், எச்சிலும் புகையும் நிறைந்த பெட்டியில், அவர் மேற்கொண்ட பயணம் மகாபாரதம் சொல்லும் அடக்கத்தின் புதிய வடிவமாகவே அமைந்தது என்பதே பொருத்தமான முடிவு.

காந்தியின் வாதத்தில் ஒரு குறை உண்டு. ரயிலுக்கு முன் சென்றவர் அனைவரும் நடந்தே சென்றனர் என்று அது கருதச் செய்கிறது. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்த ஏனுகுல வீராசாமி, 1830 மே மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்டு, 1831 செப்டம்பரில் திரும்பிய தம் காசி யாத்திரையை நாள்வாரியாகத் தெலுங்கில் எழுதி வைத்தார்; அவர் மறைந்த பிறகு 1838இல் அது காசியாத்திர சரித்திரம் என்ற பெயரில் அச்சேறியது. குடும்பத்தாரும் பெரும் பரிவாரமும் உடன்வர, பதினைந்து மாதங்களுக்கு மேல் நீண்ட அப்பயணத்தில் வசதியுடையோரைச் சுமந்தது பல்லக்கு. பல்லக்கில் செல்பவரும் நடப்பதில்லை. அவருக்காக வேறு சிலர் நடக்கின்றனர். ஆற்றில் இறங்கும்போதும் மலை ஏறும்போதும் சுமையைத் தோள் மாற்றிக்கொண்டு ஓடிய போயிகளின், அதாவது பல்லக்குத் தூக்கிகளின், கால்களில்தான் அந்த யாத்திரையின் வருத்தம் முழுவதும் இறங்கியது. ஊர்தி யாத்திரையைக் கெடுக்கிறது என்று புராணம் சொல்வதன் உட்பொருள் இங்குதான் விளங்குகிறது. ஒருவர் வருந்தாமையன்று குறை. தம் வருத்தத்தைப் பிறர்மேல் இறக்கிவிட்டுப் பலனை மட்டும் தாம் கொள்ள நினைப்பதே குறை. எருது பூட்டிய வண்டியைப் பற்றிய எச்சரிக்கையும் இவ்வாறு கொள்ளும்போது பொருத்தமாகிறது, ஏனெனில் எருது வாயில்லாப் பிராணி.

அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், குடும்பத்தோடு செல்வது யாத்திரையைத் தளர்த்துகிறதா, நிறைவிக்கிறதா என்பது அடுத்துக் கேட்க வேண்டியது. துறவியின் நெறியில் குடும்பம் தளை; அவர் தனியே நடப்பார், ஓரிடத்தில் நெடுநாள் தங்கார். இல்லறத்தானின் யாத்திரை வேறு. பத்ம புராணத்தின் பூமி காண்டத்தில் கிருகலன் என்னும் காசி வணிகன் ஒருவன் வருகிறான். மனைவி சுகலை வழிநடையின் துன்பத்தைத் தாங்கமாட்டாள் என்று இரங்கி, அவளை வீட்டிலேயே விட்டுவிட்டு அவன் மட்டும் தீர்த்தங்களெல்லாம் ஆடித் திரும்புகிறான். மனையாளை விட்டுச் செய்த யாத்திரை பயனற்றது என்றும், அதனால் அவன் முன்னோர் கரையேறவில்லை என்றும் அவனுக்கு உணர்த்தப்படுகிறது. கிருகலன் தீயவன் அல்லன்; அவன் செய்த தவறு அன்பினால் செய்தது. அவன் காலத்தில் அவன் முன் இருந்தவை இரண்டே வழிகள்: மனைவியை வருத்துவது, அல்லது விட்டுச் செல்வது. மூன்றாவது வழியை ரயில் திறந்தது. 1870இல் ஜபல்பூரில் பம்பாய்ப் பக்கத்து இருப்புப்பாதையும் கல்கத்தாப் பக்கத்து இருப்புப்பாதையும் இணைந்தபோது அரசு கருதியது வாணிகமும் படைநகர்வும் ஆக இருக்கலாம். இல்லற யாத்திரையின் வரலாற்றில் அது கிருகலனின் இக்கட்டுக்குக் கிடைத்த விடையாகவும் ஆயிற்று. கண் தெரியாத பெற்றோரைக் காவடியில் வைத்துத் தீர்த்தங்களுக்குச் சுமந்து சென்றதாகப் பிற்கால மரபு போற்றும் சிரவணனின் தோளுக்கு நிகராக, முழங்கால் தேய்ந்த முதியவரையும் கைக்குழந்தையையும் ஒரே பெட்டியில் ஏற்றிச் செல்லும் ஊர்தியைச் செருக்கின் ஊர்தி என்று சொல்ல இயலாது. கீழ்ப்படுக்கையைத் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டு மருமகன் மேல்படுக்கையில் ஏறிக்கொள்வதும், நடு இரவில் தாய் எழுந்து மாமியாரைக் கழிப்பறை வரை கைபிடித்து அழைத்துச் செல்வதும், கையும் காலும் மனமும் பிறர்க்காக அடங்கும் செயல்களே. நூல் சொன்ன தகுதி வேறு எதுவுமன்று.

இனிக் காட்சியைப் பற்றிய வினா. வழியின் அழகில் மனம் தோய்வது யாத்திரைக்கு இடையூறு என்று கருதுவோர் உண்டு. நோக்கம் தலமாக இருக்க, ஜன்னலில் ஏன் கண் என்பது அவர்கள் கேள்வி. இராமேசுவரத்திலிருந்து இட்டார்சி, ஜபல்பூர் வழியாகச் செல்லும் வண்டிகளின் பாதையைக் கருதினால் இக்கேள்விக்கு விடை அப்பாதையிலேயே கிடைக்கிறது. புறப்பட்ட சிறிது நேரத்திலேயே பாம்பனில் கடல் இருபுறமும் விரிகிறது; 1914இல் திறந்த பழைய பாலத்தின் அருகே, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், ரயில் கடல்மட்டத்தோடு செல்வது போலத் தோன்றும். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடிக்கான இருப்புப்பாதை அழிந்துபோனதால், சேது மணலை எடுக்கச் செல்வோர் இன்று சாலை வழியாகவே அங்கு போய்வருகின்றனர். பின்பு விஜயவாடாவில் கிருஷ்ணை, தெலங்கானத்தில் கோதாவரி, நாகபுரிக்கு இருபுறமும் கரிசல், அதைக் கடந்தால் சாத்பூராவின் தேக்குக் காடும் குகைப்பாதைகளும். ஜபல்பூரை அடைவதற்கு முன் நர்மதை. சரசுவதியின் நீர் மூன்று நாளிலும், யமுனையின் நீர் ஏழு நாளிலும், கங்கை நீர் உடனேயும் தூய்மை செய்யும்; நர்மதையோ கண்ட அளவிலேயே தூய்மை செய்யும் என்று மச்ச புராணம் கூறுகிறது. தீர்த்தத்துக்கு ஆடுதல், பருகுதல், தொடுதல், காணுதல், நினைத்தல் என்று பல வாயில்களை வகுத்த மரபு, இந்த ஓர் ஆற்றுக்குக் காணுதலையே போதுமானதாக்கியிருக்கிறது. ஊர்தியில் வருவோரை நரகத்துக்கு அனுப்பிய அதே புராணம், பாலத்தின்மேல் விரையும் பெட்டியின் ஜன்னலோரத்தில் அமர்ந்திருப்பவர்க்கும் ஒரு வாயிலை இவ்வாறு திறந்து வைத்திருப்பது சுவையான செய்தி. இந்த நர்மதையைத்தான் மூன்றாண்டு மூன்று மாதம் பதின்மூன்று நாளில் கால்நடையாக வலம்வருவதும் வழக்கம். ஆகவே நடைக்கும் பார்வைக்கும் இடையே ஒன்றைத் தள்ளி ஒன்றைக் கொள்ளும் கட்டாயம் மரபுக்கு இருந்ததில்லை.

ஆயினும் பார்வை என்றால் என்ன என்பதில் தரிசனங்கள், அதாவது தத்துவ நெறிகள், ஒத்துப்போவதில்லை. சங்கரரின் உபதேச சாகஸ்ரீ, படகில் செல்பவனுக்குக் கரையிலுள்ள மரங்கள் எதிர்த்திசையில் ஓடுவதாகத் தோன்றுவதைச் சுட்டி, அசைவற்ற ஆன்மாவின் மீது பிறவிச் சுழற்சி ஏற்றப்படுவதும் அத்தகையதே என்று விளக்குகிறது. ஓடுவது படகு, ஓடாதது மரம். இரண்டையும் மாற்றி அறிவதற்கு அத்தியாசம், அதாவது ஒன்றின் இயல்பை மற்றொன்றின் மேல் ஏற்றுதல், என்று பெயர். ரயில் ஜன்னலில் தந்திக்கம்பங்களும் பனைகளும் பின்னோக்கி ஓடுவதைக் கண்டு வியக்கும் குழந்தைக்கு அத்துவைதத்தின் முதல் பாடம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் இந்நெறியில் காட்சி என்பது கடந்துசெல்ல வேண்டிய ஒரு சான்று மட்டுமே; மரத்தின் அழகுக்கு அங்கு தனியிடம் இல்லை.

தமிழ்ச் சைவம் வேறு வழி காட்டுகிறது. பெரிய புராணத்தில் திருநாவுக்கரசர் கயிலையைக் காண வடக்கு நோக்கி நடக்கிறார். பாதம் தேய, கைகளால் ஊன்றி, மார்பால் நகர்ந்து, உடலைப் புரட்டி, இறுதியில் அசைய முடியாமல் வழியிலேயே கிடக்கிறார். உடல் வருத்தத்துக்கு இதைவிட மேலான சான்று நம் இலக்கியத்தில் இல்லை, காரைக்காலம்மையார் தலையால் நடந்ததைத் தவிர. எனினும் அந்த வருத்தம் அவரைக் கயிலைக்குக் கொண்டுசேர்க்கவில்லை. அவ்வழியில் இருந்த பொய்கையில் மூழ்கி எழுமாறு இறைவன் பணிக்க, அவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். கயிலைக் காட்சி கிடைத்ததும் அங்கேதான். அக்காட்சியைப் பாடும் தேவாரப் பதிகத்தில் அவர் காண்பவை யாவை என்று பார்க்க வேண்டும்: பிடியோடு வரும் களிறு, பெடையோடு வரும் கோழி, மயில், நாரை, ஏறு. ஊர்ப்புறத்தில் எவரும் காணக்கூடிய உயிர்களே. ஆனால் அனைத்தும் துணையோடு வருகின்றன. அவ்விணைகளில் அம்மையப்பரைக் கண்டதே அவர் பெற்ற தரிசனம் என்று சைவர் கொள்வர். வழியில் தென்படும் உலகம் இங்கே தலத்துக்கு இடையூறாக நிற்கவில்லை. தலமே அவ்வுலகத்தின் வடிவில் எதிர்வருகிறது. இல்லறத்தார் குடும்பத்தோடு செல்லும் பயணத்துக்கு இரு நெறிகளில் எது பொருந்தும் என்றால், நாவுக்கரசர் காட்டியதே பொருந்தும் என்று துணிந்து கூறலாம். வயலில் நாரையைக் கண்ட பேத்தி அதைப் பாட்டிக்குச் சுட்டிக்காட்டும்போது, திரையிட்ட குளிர்சாதனப் பெட்டியில் கைப்பேசித் திரையைப் பார்த்தபடி காசியில் இறங்குபவர் இழந்த ஒன்றை அவ்விருவரும் பெற்றுவிடுகின்றனர்.

ரயில் யாத்திரையில் வாகன தோஷமே இல்லை என்று இதனால் முடிவுகட்டிவிட முடியாது. கங்கைக் கரையில் செய்யத்தகாதன என்று தர்ம நூல்கள் தரும் பட்டியலில் மலசலம் கழித்தலும், சூடிக் களைந்த மாலையை எறிதலும், நீரில் விளையாடலும் இடம்பெறுகின்றன. காசியின் கிழக்கே 1887இல் கட்டப்பட்ட இரும்புப் பாலத்தில் ரயில் நுழைந்ததும், பிறைபோல் வளைந்த படித்துறைகள் முழுவதும் ஒருசேரக் கண்ணில்படும். கைகூப்புவோர் கைகூப்ப, முதியோர் முந்தானையில் முடிந்து வைத்திருந்த காசை ஆற்றில் எறிவர். அதே பாலத்தில், அதே கணத்தில், அண்மை ஆண்டுகளில் உயிரிக் கழிப்பறைகள் பொருத்தப்படும் வரை, பெட்டிகளின் கழிவு நேரே கீழே விழுந்துகொண்டிருந்தது. எந்த நிபந்த நூலாசிரியரும் கற்பனை செய்திராத தோஷம் இது. நிலையங்களில் அக்கழிவை அகற்றிய கைகள் யாருடையவை என்பது நாடறிந்தது; பல்லக்குத் தூக்கியவர் தோளில் இறங்கிய வருத்தம், அத்தனை ஆண்டுகள் அவர்கள்மேல் இறங்கியது. தொழில்நுட்பம் அதில் பெரும்பகுதியை இன்று நீக்கியிருக்கிறது. நீங்காத பகுதி ஒன்று உண்டு. இருப்புப்பாதையைத் தாங்கும் கொக்கிகள் கழன்றுள்ளனவா என்று பார்த்துச் சுத்தியலும் சாவியும் சுமந்து நாள்தோறும் தமக்குரிய தொலைவை நடந்தே கடக்கும் கீமேன் என்னும் ஊழியர், காசிக்குச் செல்லும் ஒவ்வொரு பாதையிலும் இருக்கிறார். யாத்திரையில் நடை அற்றுப்போய்விட்டது என்று வருந்துவோர் கவனிக்கத் தவறுவது இவரைத்தான். பயணிகள் ஜன்னல் வழியே வீசும் உணவுப் பொட்டலங்களும் பிளாஸ்டிக் பாட்டில்களும் விழுவது இவர் நடக்கும் தடத்தில். ரயிலில் யாத்திரை செல்லும் குடும்பங்கள் குப்பைக்கென ஒரு பையை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லட்டும். வாகன தோஷத்துக்கு அவர்கள் இன்று செய்யக்கூடிய பிராயச்சித்தம் அது.